ஆர்டர் மேல ஆர்டர்: ஹோட்டல் கேம்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரங்கூன் அனோரதா சாலையை ஒட்டிய குறுக்குத் தெருவில் எங்கள் மாமாவுக்கு ஒரு டீக்கடை. கல்லாவில் உட்காருவது நான். கூட்டம் இல்லாத மத்தியானத்தில் போனில் ஹோட்டல் கேம் ஆடுவேன். "கண்ணு முன்னாடி கடை நடக்குது, நீ போனுக்குள்ள இன்னொரு கடை நடத்துறியா தம்பி?" என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு. கடையிலும் கோயில் வாசலிலும் சொந்தக்காரர் வீட்டிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே பதிலோடு எழுதிவைக்கிறேன்.

எந்த மாதிரி கேமைச் சொல்கிறீர்கள்?

வாடிக்கையாளர் வருவார், கேட்பார், நீங்கள் செய்து கொடுக்க வேண்டும். அவர் தலைக்கு மேலே பொறுமையைக் காட்டும் ஒரு கோடு இறங்கிக்கொண்டே இருக்கும். அது தீர்வதற்குள் தட்டு போய்ச் சேர்ந்தால் காசும் டிப்ஸும் உண்டு. தாமதமானால் அவர் எழுந்து போய்விடுவார். அடுப்பில் வைத்ததை மறந்தால் கருகும். ஆட்டம் அவ்வளவுதான். குக்கிங் ஃபீவர், டைனர் டேஷ், ஓவர்குக்ட், பிளேட்அப், குக் சர்வ் டெலிஷியஸ் எல்லாம் இந்தக் குடும்பம். நிதானமாகச் செய்முறை கற்றுக்கொடுக்கும் கேம்கள் தனி. அவற்றைப் பற்றிக் கடைசிப் பக்கம் சொல்கிறேன்.

இதை ஆடினால் சமையல் வருமா?

வராது. இந்த கேம்களில் ஒரு பர்கரைச் செய்து முடிக்க நான்கைந்து தட்டல் போதும். உப்பு என்ற ஒன்றே பலவற்றில் கிடையாது. ஆனால் எதை முதலில் அடுப்பில் ஏற்றுவது, அது வேகும் நேரத்தில் கை எங்கே போக வேண்டும் என்ற கணக்கு வரும். சமையல் தெரிந்தவர்களிலேயே பாதிப் பேருக்கு அந்தக் கணக்கு வராது என்பது என் அபிப்பிராயம். எங்கள் அத்தை கோழிக்குழம்பு வைத்தால் தெருவே மணக்கும். ஆனால் சோறு எப்போதும் அரை மணி நேரம் கழித்துத்தான் வரும்.

அண்ணே, இதுவும் வேலைதானே? காசு கொடுக்காத வேலை. இதில் என்ன சந்தோஷம்?

எல்லாவற்றிலும் நல்ல கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே.

வேலை சலிப்பது வேகத்தால் மட்டும் இல்லை. காலை ஏழு மணிக்குக் கடையில் கூட்டம் முட்டும்போது கல்லாவில் இருக்கிற என்னை உண்மையில் அரிப்பது எது? பால் டின் விலை. கடன் சொல்லிவிட்டு வேறு கடைக்குப் போகிறவர். இன்றைக்குக் கரண்ட் எப்போது வரும் என்ற யோசனை. பத்து மணிக்குக் கூட்டம் வடிந்துவிடும். இவை வடியாது, ராத்திரி படுக்கைக்கும் கூடவே வரும். கேமில் இவை எதுவும் இல்லை. கூட்டம் மட்டும் இருக்கிறது, அதுவும் சில நிமிடத்தில் தீர்ந்து, எத்தனை நட்சத்திரம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறது.

இரண்டாவது, பதில் உடனே கிடைப்பது. கடையில் ஒரு டீ சரியில்லை என்றால் பெரும்பாலானவர் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். குடித்த மட்டும் குடித்துவிட்டு, காசை வைத்துவிட்டு, அடுத்த வாரம் எதிர்க்கடையில் உட்கார்ந்திருப்பார். அவர் ஏன் போனார் என்று நமக்குத் தெரியவே தெரியாது. கேமில் அந்த மர்மம் இல்லை. கோடு பச்சையிலிருந்து மஞ்சளாகும், சிவப்பாகும், ஆள் எழுந்து போவார். எந்த நொடியில் கோட்டைவிட்டோம் என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

மிஹாய் சிக்சென்ட்மிஹாய் என்ற உளவியலாளர் 1975-இல் வெளியிட்ட ஆய்வில் மலையேறுபவர்கள், சதுரங்கம் ஆடுபவர்கள், அறுவை சிகிச்சை மருத்துவர்கள் போன்றவர்களிடம், செய்யும் காரியத்தில் தன்னையே மறப்பது எப்போது நேர்கிறது என்று விசாரித்தார். அவர் காட்டிய நிலைமைகளில் முக்கியமானவை மூன்று: என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும், செய்தது சரியா என்பது உடனே தெரிய வேண்டும், சவாலும் நம் திறமையும் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். ஹோட்டல் கேமைச் செய்தவர்கள் இந்த மூன்றையும் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு செய்திருப்பார்களோ என்று தோன்றும். முதல் லெவலில் இரண்டு பேர் வருவார்கள், காபி மட்டும் கேட்பார்கள். பத்தாவது லெவலில் ஐந்து பேர், நான்கு பண்டம். கை பழகப் பழகக் கூட்டமும் கூடும்.

சுருக்கமாக, இந்த கேம்களில் அவசரம் உண்டு, அவமானம் இல்லை. ஆர்டரைக் கெடுத்தால் யாரும் நம் அம்மாவை இழுத்துத் திட்ட மாட்டார்கள், சம்பளத்தில் பிடிக்க மாட்டார்கள், மறுபடி ஆடலாம். உண்மையான சமையலறையில் வேலை செய்கிற ஒருவருக்குக் கூட்டம் அலைமோதும் நேரத்தில் ஒரு தனி வெறியே வரும். கை தானாக ஓடும், எண்ணம் அடங்கிவிடும். அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் பிரித்தெடுத்துத் தருகிறது கேம்.

டீக்கடையில் வேலை பார்க்கிற பையன்களே இதை ஆடுகிறார்களா?

எங்கள் கடையில் ஒருத்தனும் ஆடுவதில்லை. வேலை முடிந்ததும் மாடியில் படுத்துக்கொண்டு மொபைல் லெஜண்ட்ஸில் சண்டை போடுவார்கள். நாள் முழுக்கத் தட்டு தூக்கியவனுக்குப் போனிலும் தட்டு தூக்க ஆசை இருக்குமா? இந்த கேம்களை ஆடுகிறவர்கள், நான் பார்த்தவரை, உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள்தான்: துணிக்கடை அக்கா, பாங்கியில் இருக்கிற மச்சான், கல்லாவில் நான்.

ஆனால் அந்தப் பையன்கள் செய்வதைப் பார்த்தால் கேம் எங்கிருந்து பிறந்தது என்று புரியும். எங்கள் ஊரில் "ஒரு டீ" என்று சொன்னால் போதாது. பொம்மான் என்றால் சாதாரணம். ச்சோசெயின் என்றால் இனிப்பும் தூக்கல், பாலும் தூக்கல். ச்சாசெயின் என்றால் டிக்காஷன் கடுப்பாக, பால் தூக்கலாக. பொச்சா என்றால் இனிப்பு குறைத்துக் கடுப்பாக. நாலு மேசையில் பதினோரு பேர் உட்கார்ந்து ஆளுக்கொன்று சொல்வார்கள். பையன் எதையும் எழுதமாட்டான். நடந்துகொண்டே உள்ளே பார்த்து ஒரே மூச்சில் கத்துவான்.

டீ மாஸ்டர் முன்னாலும் சீட்டு கிடையாது. குரல் வந்த வேகத்தில் கோப்பைகளை வரிசையாக வைத்து, முதலில் எல்லாவற்றிலும் கெட்டிப் பாலை ஊற்றிவிடுவார். ஒன்றில் ஒரு கரண்டி, ஒன்றில் அரை, ஒன்றில் கரண்டியின் நுனி மட்டும். அப்புறம்தான் டிக்காஷன். கோப்பையின் அடியில் கிடக்கும் பாலின் அளவுதான் அவருக்கு ஆர்டர் சீட்டு. நடுவில் யாராவது வந்து கதை பேசினாலும், திரும்பிக் கோப்பையைப் பார்த்தால் விட்ட இடம் தெரிந்துவிடும். குக்கிங் ஃபீவரில் நன்றாக ஆடுகிறவர்கள் தட்டுகளை முன்கூட்டியே பாதி நிரப்பி வரிசையாக வைப்பது அச்சு அசலாக இதே வித்தை.

மனிதன் ஒரே நேரத்தில் மனதில் பிடித்துவைக்கக்கூடியது சுமார் நான்கு விஷயம்தான் என்று நெல்சன் கோவன் 2001-இல் எழுதினார். பையன் பதினொன்றைப் பிடிப்பது எப்படி? கொத்தாகப் பிடிக்கிறான். "ஜன்னலோர மேசை மூணும் ச்சோசெயின், அதில் கண்ணாடிக்காரருக்கு மட்டும் பொச்சா" என்றால் அது ஒரே கொத்து. எரிக்சன், போல்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1988-இல், எழுதாமலே இருபது பேர் வரைக்கும் சாப்பாட்டு ஆர்டரை நினைவில் வைக்கும் ஒரு பரிமாறுபவரை ஆராய்ந்தார்கள். சாலட்டுக்கு ஊற்றும் சாற்றின் பெயர்களை முதல் எழுத்தாகக் கோத்து வைத்துக்கொள்வார், இறைச்சி எவ்வளவு வேக வேண்டும் என்பதை ஏறி இறங்கும் கோடாக மனதில் வரைந்துகொள்வார். எங்கள் பையன்கள் அந்த ஆய்வைப் படித்ததில்லை.

கணக்கு இன்னொரு வேடிக்கை. கேட்காமலே சமூசா, பௌசி என்ற ஆவியில் வேகவைத்த பன் எல்லாம் தட்டில் வைத்து மேசைக்கு வந்துவிடும். தின்றதற்கு மட்டும் காசு. எழுந்து போகும்போது பையன் மேசையை ஒரு பார்வை பார்த்து, குறைந்தது எத்தனை என்று எண்ணிக் கத்துவான், நான் காசு வாங்குவேன். இதை இன்னும் எந்த கேமும் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்தால் நன்றாக இருக்கும்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இந்த ஊர் டீக்கடைகள் பலவற்றில் அந்தத் தட்டைத் தூக்குகிறவன் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய வயதுக்காரன். கேமில் வரும் குட்டி சமையல்காரனின் உருண்டைக் கண்ணைப் பார்த்து ரசிக்கும்போது எனக்கு அது நினைவுக்கு வரும். கேமில் கொதிக்கும் டிக்காஷன் கையில் கொட்டுவதில்லை.

கார் ரிப்பேர் கடை, தையல் கடை என்று எவ்வளவோ தொழில் இருக்க, ஏன் சமையல்கட்டு?

விதியை யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்பதால். பச்சையாக இருந்தால் கொடுக்கக்கூடாது, கருகினால் குப்பை, ஆறினால் ஆகாது, தட்டு அழுக்காக இருந்தால் கழுவ வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும், எந்த நாட்டுக்காரருக்கும் தெரியும். கார்புரேட்டரை எப்போது கழற்றுவது என்பது அப்படி இல்லை. தவிர, சாப்பாட்டில் கடிகாரம் இயல்பாகவே இருக்கிறது. அடுப்பில் ஏற்றிய நொடியிலிருந்து அது ஓடுகிறது. தையலுக்கு அப்படி ஒரு கடிகாரத்தை நாம்தான் கொண்டுபோய் ஒட்ட வேண்டும்.

இவை எப்போது தொடங்கின?

1983-இல் அமெரிக்க ஆர்க்கேடுகளில், அதாவது காசு போட்டு ஆடும் கேம் மிஷின் கடைகளில், வந்த டேப்பர் என்ற கேமைத்தான் நான் பாட்டன் என்று சொல்வேன். நாலு நீளமான மேசை, அதன் வழியே முன்னேறி வரும் குடிகாரர்கள். கோப்பையை நிரப்பித் தள்ளிவிட வேண்டும், திரும்பச் சறுக்கி வரும் காலிக் கோப்பையைப் பிடிக்க வேண்டும். ஒன்று கீழே விழுந்தாலும் போச்சு. இன்றைய கேம்களின் எலும்புக்கூடு முழுக்க அதிலேயே இருக்கிறது.

அப்புறம் 2000-களின் முதல் பாதியில் நியூயார்க்கின் கேம்லேப் செய்த டைனர் டேஷ். பங்குச் சந்தை ஆபீஸ் வேலையை உதறிவிட்டு ஓட்டல் தொடங்கும் ஃப்ளோ என்ற பெண்தான் நாயகி. விளையாட்டுக் கம்பெனிகள் அதுவரை கண்டுகொள்ளாத பெண்கள் கூட்டம் ஒன்று இதைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. ஒரே மாதிரி வேலையை அடுத்தடுத்துச் செய்தால், அதாவது மூன்று மேசை ஆர்டரைச் சேர்த்து எடுத்து, மூன்றையும் சேர்த்துப் பரிமாறினால், அதிகப் புள்ளி உண்டு. இந்தச் சின்ன விதிதான் வெறும் ஓட்டத்தை யோசனையாக மாற்றியது. ஒரு மேசையை வேண்டுமென்றே கொஞ்சம் காக்கவைக்கலாமா என்ற கேள்வி அதிலிருந்துதான் வந்தது.

2007-இல் பாப்பாஸ் பிட்சேரியா, உலாவியிலேயே ஆடும் ஃப்ளாஷ் கேம். பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் அறைகளில் உலகம் முழுக்க ஆடப்பட்டது. 2020 கடைசியோடு ஃப்ளாஷை அடோபி நிறுத்தியபோது பலர் அழாத குறை. 2012-இல் குக் சர்வ் டெலிஷியஸ், 2014-இல் லிதுவேனியாவின் நார்ட்கரண்ட் செய்த குக்கிங் ஃபீவர், 2016-இல் இங்கிலாந்திலிருந்து ஓவர்குக்ட், 2022-இல் பிளேட்அப்.

இந்த வரிசையில் எங்கள் ஊருக்கு முக்கியமான ஆண்டு 2014. அதுவரை ஒரு சிம் கார்டு வாங்க லட்சக்கணக்கான கியாட் வேண்டும். அந்த ஆண்டு வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து 1,500 கியாட்டுக்குக் கொடுத்தன. வீட்டில் கம்ப்யூட்டரே பார்க்காத குடும்பங்களுக்கு நேராகக் கையில் போன் வந்தது. எங்கள் பெரியம்மா வாழ்க்கையில் தொட்ட முதல் கேம் குக்கிங் ஃபீவர்.

"இந்த ஒரு லெவல் மட்டும்" என்று ஒரு மணி நேரம் போய்விடுகிறதே, ஏன்?

பாதியில் நிற்கும் வேலை மனதைப் பிராண்டும். இதைப் பற்றி 1927-இல் எழுதியவர் ப்ளூமா ஸைகார்னிக். பெர்லினில் அவருடைய ஆசிரியர் கர்ட் லெவின் ஒரு காபிக் கடையில் கவனித்ததிலிருந்து அந்த யோசனை பிறந்ததாக ஒரு கதை சொல்வார்கள்: காசு தராத மேசையின் ஆர்டர் பரிமாறுகிறவருக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருந்தது, காசு வாங்கியதும் சுத்தமாக மறந்துபோனது. பிற்காலத்தில் பலர் செய்த சோதனைகளில் எல்லாம் அதே முடிவு வந்துவிடவில்லை, அதனால் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கல்லாவில் இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: காசு தராமல் போனவரின் முகம் எனக்கு மறப்பதில்லை.

கேம்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மூன்று நட்சத்திரத்தில் இரண்டுதான் கிடைக்கும். புது அடுப்புக்குக் காசு கொஞ்சம் குறையும். ஒன்று முடிந்தது என்று மூச்சு விடும்போதே அடுத்தது பாதி திறந்து நிற்கும். நான் லெவல் முடியும் இடத்தில் நிறுத்துவதை விட்டுவிட்டேன். கடையில் ஆள் வந்தால் நடுவிலேயே போனைக் கவிழ்த்துவிடுவேன். முடித்துவிட்டு நிறுத்தலாம் என்பவர்தான் மாட்டிக்கொள்வார்.

ஓவர்குக்ட் ஆடினால் வீட்டில் சண்டை வருகிறது. கேமில் குறையா, எங்களிடம் குறையா?

கேம் செய்தவர்கள் ஆசைப்பட்டதே அதுதான். ஒரே திரையில் நாலு பேர் வரை சமையல்காரர்கள். ஒருவர் வெங்காயம் நறுக்க, ஒருவர் சூப்பைப் பார்க்க, ஒருவர் தட்டு கழுவ வேண்டும். சமையல்கட்டே நடுவில் இரண்டாகப் பிரியும். ஓடும் இரண்டு லாரிகளில் பாதிப் பாதியாக இருக்கும். பனிக்கட்டியில் வழுக்கும். தனியாக யாரும் முழு ஆர்டரையும் முடிக்க முடியாதபடிதான் கட்டியிருக்கிறார்கள். 2017-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் குடும்பத்தோடு ஆடும் கேம் என்ற பிரிவிலும் இதற்குத்தான் பரிசு. கொடுத்தவர்கள் யாருடைய குடும்பத்தோடு ஆடிப் பார்த்தார்களோ.

சண்டை வரும் காரணம் எளிது: எல்லோரும் சமம், தலைமை இல்லை. டீக்கடையில் டீ மாஸ்டரிடம் போய் யாரும் "தள்ளு, நான் போடுறேன்" என்று சொல்ல மாட்டார்கள். ஓவர்குக்டில் உங்கள் மனைவி சோற்றுப் பானையை எடுக்கப் போகும் அதே நொடியில் நீங்களும் போவீர்கள், இருவரும் முட்டிக்கொண்டு நிற்பீர்கள், சோறு கருகும், அடுப்பு பற்றி எரியும், தீயணைப்பானைக் கையில் வைத்திருக்கிற மைத்துனன் சிரித்துக்கொண்டே இருப்பான்.

இதற்கு வழி, லெவல் தொடங்குமுன் இடத்தைப் பிரித்துக்கொள்வது. வேலையைப் பிரிப்பதைவிட இடத்தைப் பிரிப்பது நல்லது, "இந்த மேசைக்கு இந்தப் பக்கம் நான்" என்று. அப்புறம் வாயால் சொல்லிக்கொண்டே ஆடுங்கள். "தட்டு இல்லை", "சோறு எடுத்துட்டேன்", "வெங்காயம் ரெண்டு வேணும்". நடந்ததைச் சொல்லுங்கள், ஏன் நடக்கவில்லை என்று கேட்காதீர்கள். "ஏன் இன்னும் தட்டு கழுவல?" என்ற கேள்வி வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது, அது போன வாரத்துச் சமாசாரத்துக்குப் போய்விடும்.

இலவசம் என்றுதான் இறக்கினேன். இப்போது வைரம் வாங்கு, காசு கட்டு என்கிறதே?

போனில் வரும் இலவச ஹோட்டல் கேம்கள் பெரும்பாலும் இரண்டு நாணயம் வைத்திருக்கும். ஒன்று, ஆடினால் சேரும் காசு. மற்றது சொட்டுச் சொட்டாக வரும் வைரம். தொடக்கத்தில் காசு மட்டும் போதும் என்று தோன்றும். போகப் போக நல்ல அடுப்புக்கு வைரம் கேட்கும், அது இல்லாமல் மூன்று நட்சத்திரம் கிடைக்காது. குக்கிங் ஃபீவருக்குள் வைரம் ஜெயிக்க ஒரு சூதாட்ட மிஷினே வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளைகள் ஆடும் கேமில் அதற்கு என்ன வேலை?

காசு கட்டாமலும் ஆடலாம், பொறுமை வேண்டும். பழைய லெவல்களைத் திரும்ப ஆடிக் காசு சேருங்கள். வைரத்தை அலங்காரத்துக்குக் கொடுக்காமல் முதலில் அடுப்புக்குக் கொடுங்கள். மொத்தமாக ஒருமுறை காசு கொடுத்து வாங்கும் கேம்களில் இந்தத் தொல்லை இல்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அதுதான் மலிவு.

கரண்ட் இல்லாத ஊரில் எதை ஆடுவது?

ரங்கூனில் கரண்ட் முறை போட்டு வருகிறது என்பது இங்கிருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. டிவியில் மாட்டி ஆடும் கேம்கள் கரண்ட் வரும் முறைக்கு. மற்ற நேரத்துக்குப் போன். இறக்கியதும் முதல் வேலையாக ஃப்ளைட் மோடில் போட்டுத் திறந்து பாருங்கள். திறந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இணையம் கேட்டு அடம் பிடித்தால் நீக்கிவிடுங்கள். திரை வெளிச்சத்தைக் குறைத்தால் பேட்டரி நிற்கும்.

தோசை, அத்தோ, மொஹிங்கா (எங்கள் ஊர் மீன் குழம்பு நூடுல்ஸ்) எல்லாம் வருகிற கேம் இருக்கிறதா?

தோசைக்கும் இட்லிக்கும் வெண்பா இருக்கிறது. டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. 1980-களில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் சமையல் குறிப்பேட்டில் எழுத்து அழிந்துபோன இடங்களை ஊகித்து இட்லியில் தொடங்குவீர்கள். 2024-இல் சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவில் பெரும் பரிசு வாங்கியது. ஆனால் அதில் கடிகாரம் கிடையாது, வாடிக்கையாளர் கிடையாது. பரபரப்பை எதிர்பார்த்து வாங்காதீர்கள். எங்களைப் போல் நாலு தலைமுறையாக வேறு மண்ணில் இருந்துகொண்டு தமிழில் சமைக்கிறவர்களுக்கு அது வேறு இடத்தில் போய்த் தைக்கும்.

அத்தோவுக்கு யாரும் கேம் செய்யவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். அந்த வண்டிக்கடையே ஒரு கேம். ஒரு பக்கம் நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், வறுத்த கடலைமாவு, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பூண்டு எண்ணெய். வாடிக்கையாளர் "புளி தூக்கலா, காரம் கம்மியா, பேஜோ நொறுக்கிப் போட்டு" என்பார். பேஜோ என்றால் தட்டை மாதிரி மொறுமொறுவென்று பொரித்தது. எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுக்க வேண்டும். பக்கத்தில் வாழைத்தண்டு சூப் கொதித்துக்கொண்டே இருக்கும். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் சென்னை பீச் ஸ்டேஷன் பக்கம் இதே கடையைத்தான் போட்டார்கள். அங்கே சாயங்காலம் போய் நின்று பார்த்தால், லெவல் எப்படி வடிவமைப்பது என்று கேம் செய்கிறவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

தம்பி, எம் பேரன் இதே கதியா இருக்கான். கெட்டுப்போவானா?

பாட்டி, எத்தனை மணி நேரம் என்பதைவிட எதை விட்டுவிட்டு ஆடுகிறான் என்று பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 முதல் நடைமுறையில் இருக்கும் பதிப்பில், கேம் ஆடும் கோளாறு என்று ஒன்று உண்டு. அதற்குச் சொல்லும் அடையாளம்: நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே முக்கியமாவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது. வழக்கமாக ஓராண்டாவது இப்படி நீடித்தால்தான் அந்தப் பெயர். சாப்பிடக் கூப்பிட்டால் "இரு பாட்டி" என்று ரெண்டு நிமிடம் தள்ளிப்போடுவது அதில் சேராது. வைரம் வாங்க உங்கள் போன் பாலன்ஸ் குறைகிறதா என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஒரே லெவலில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஏதாவது வழி?

கையை வேகப்படுத்தப் பார்க்காதீர்கள். தோற்பவர்கள் பெரும்பாலும் வேகம் போதாமல் தோற்பதில்லை, வெறும் அடுப்பை வைத்துக்கொண்டு வாடிக்கையாளருக்காகக் காத்திருந்து தோற்கிறார்கள். அதிக நேரம் எடுக்கும் பண்டம் எது என்று பாருங்கள். ஆள் வருமுன்னே அது அடுப்பில் இருக்க வேண்டும். கருகும் பண்டத்தையும் கருகாத பண்டத்தையும் பிரித்துவையுங்கள். கருகாததை எவ்வளவு வேண்டுமானாலும் முன்கூட்டியே செய்து அடுக்கலாம். கருகுவதை இரண்டுக்கு மேல் ஒன்றாக ஏற்றாதீர்கள்.

வந்தவர்களில் யார் முதலில் என்று பார்க்காமல் யாருக்குக் கைவசம் இருக்கிறது என்று பாருங்கள். உடனே கொடுக்கக்கூடியவரை அனுப்பிவிட்டால் திரையில் நெரிசல் குறையும், மனசும் அடங்கும். சிவப்பில் இருக்கிறவர் ஒருவர் போய்விடுவார் என்றே தெரிந்தால் விட்டுவிடுங்கள். அவரைக் காப்பாற்றப் போய் மூன்று பேரை இழப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. குக் சர்வ் டெலிஷியஸ் ஆடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: அதில் ஒவ்வொரு பொருளுக்கும் கீபோர்டில் ஒரு எழுத்து. பெயரைப் படித்து யோசிக்காமல், ஒவ்வொரு பண்டத்தையும் விரல் ஓடும் தாளமாகப் பழகுங்கள். மதியக் கூட்டம் வரும்போது யோசிக்க நேரம் இருக்காது.

அம்மாவுக்கு அறுபது வயது. விரல் அவ்வளவு வேகமாக ஓடாது. ஆடலாமா?

தாராளமாக. பாப்பாஸ் வரிசையில் அவசரத்தைவிட அளவுக்குத்தான் மதிப்பெண். அப்பளம் போல வட்டமாக, சமமாகத் தூவினாரா, சரியான நேரத்தில் எடுத்தாரா என்று பார்க்கும். அம்மாக்கள் அதில் நம்மைத் தோற்கடிப்பார்கள். 2006-இல் நின்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்க கேம் கருவியில் தொடங்கிய குக்கிங் மாமா வரிசை இன்னும் சாது, தப்பு செய்தாலும் மாமா (இங்கே அம்மா என்று அர்த்தம்) வந்து சரிசெய்து கொடுத்துவிடுவார். ஓவர்குக்டிலும் 2020-இல் வந்த ஆல் யூ கேன் ஈட் தொகுப்பில் நேரத்தைக் கூட்டி, கஷ்டத்தைக் குறைத்து ஆட ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பஸ்ஸில் சத்தத்தை அணைத்துவிட்டு ஆடினால் எப்போதும் தோற்கிறேன். தற்செயலா?

இல்லை. இந்த கேம்களில் பாதித் தகவல் காதில் வருகிறது. வெந்தால் ஒரு மணி, கருகப் போகிறது என்றால் வேறு ஒரு பீப், புது ஆள் வந்தால் கதவுச் சத்தம். கண் ஒரு மூலையில் இருக்கும்போது காதுதான் மறு மூலையைப் பார்த்துக்கொள்கிறது. இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் ஒய்பிஎஸ் டவுன் பஸ்ஸில் என்றால் ஒரு காதில் மட்டும் போடுங்கள், இல்லாவிட்டால் சூலே பகோடாவில் இறங்க வேண்டியவர் அடுத்த நிறுத்தத்திலிருந்து வெயிலில் திரும்பி நடக்க வேண்டியிருக்கும்.